ஷிப்ட் ஊரின் நாய்கள்

ஓசூரில் நாய் வாங்க எண்ணுவோர் பயிற்றுநரை அணுகும்போது முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்துக்கு ஷிட்சு போன்ற சிறிய நாய் பொருந்துமா, அல்லது சற்றுச் சிரமப்பட்டேனும் லேப்ரடார் போன்ற ஓடியாடும் நாயை வளர்த்துவிட இயலுமா என்பது அது. கேள்வி இயல்பானதே. ஆயினும் வீட்டின் அளவை நாயின் உருவத்தோடு பொருத்திப் பார்ப்பது கட்டில், பீரோ வாங்குவோர் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் வாங்கப்பட்ட நாய்களே பின்னர் பயிற்சிக்கும், மருத்துவரிடமும், சில வேளை நெடுஞ்சாலை ஓரத்துக்கும் வந்து சேர்கின்றன. இக்கட்டுரை, ஓசூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீடு வீடாகச் சென்று நாய்களுக்குப் பயிற்சி அளித்தும், உரிமையாளர்கள் சொந்த ஊருக்குச் செல்லும் நாட்களில் அவர்களுடைய நாய்களைத் தங்கவைத்துப் பராமரித்தும் வந்த ஒருவரின் தொழிற்குறிப்புகளிலிருந்து எழுதப்பட்டது. அக்குறிப்புகளை ஒருசேரப் படிக்கும்போது தெரிவது, இந்த ஊரில் நாயைத் தீர்மானிக்க வேண்டியது சதுர அடிக்கு முன்னதாகத் தொழிற்சாலையின் ஷிப்ட் அட்டவணை என்பதாகும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உலக நாயினங்களை வகைப்படுத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. அவற்றைப் பத்துப் பிரிவுகளாக வகுத்து, ஒன்பதாம் பிரிவைத் துணை நாய்களுக்கு ஒதுக்கியுள்ளது. துணை நாய் என்பது வேட்டை, காவல், மேய்ச்சல் ஆகிய எவ்வேலைக்கும் அன்றி, மனிதரின் அருகில் இருப்பதற்காகவே பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம். பக், ஷிட்சு, லாசா ஆப்சோ ஆகியவை இப்பிரிவில் அடங்கும். சிறிய நாய் என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வரும் பாமரேனியன் இப்பிரிவில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். அது ஸ்பிட்ஸ் எனப்படும் கூர்முக, அடர்முடி நாய்களுக்குரிய ஐந்தாம் பிரிவில், சறுக்குவண்டி இழுக்கும் சைபீரியன் ஹஸ்கியோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் பாமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளை நாய்களில் பல, உண்மையில் அதைவிடச் சற்றுப் பெரிய ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தவை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

மறுபுறம், ஆங்கிலத்தில் ‘ஸ்போர்ட்டிங்’ எனப்படும் வேட்டைத்துணை நாய்கள் துப்பாக்கியால் பறவை வேட்டையாடுவோருக்கு உதவுவதற்காக உருவாக்கப்பட்டவை. இவற்றுள்ளும் வேலைப் பிரிவினை உண்டு: பாயிண்டர் பறவை மறைந்திருக்கும் திசையை மோப்பத்தால் அறிந்து, ஒரு முன்காலைத் தூக்கியபடி உறைந்து நின்று காட்டும், செட்டர் அதே செய்தியைப் பதுங்கிக் காட்டும், ஸ்பேனியல் புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்பும், ரிட்ரீவர் சுடப்பட்ட பறவையைப் பல் படாமல் கவ்விக் கொண்டுவந்து கொடுக்கும். நம் ஊர் லேப்ரடார் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவரோடு குளிர்ந்த நீரில் இறங்கி வேலை செய்தவை. தமிழில் வேட்டை நாய் என்று சொல்லும்போது நாம் இவற்றைக் கருதுவதில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற, கண்ணால் கண்டு விரட்டும் ஒல்லி நாய்களையே கருதுகிறோம். சங்க இலக்கியத்தில் ஞமலி, ஞாளி என்று வருபவை வேட்டுவரோடு காட்டுக்குள் சென்ற நாய்களாகவே பெரிதும் காட்டப்படுகின்றன. மடியில் கிடக்கும் நாய் தமிழ் வீட்டுக்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளி.

இவ்வளவு விளக்கம் எதற்கெனில், நாயின் உருவம் சுருங்கினாலும் அதனுள் இருக்கும் வேலை சுருங்குவதில்லை என்பதற்காக. பத்துக் கிலோ எடையுள்ள பீகிள், முயலின் மோப்பத்தைத் தொடர்ந்து மணிக்கணக்கில் ஓடுவதற்காக இங்கிலாந்தில் வளர்க்கப்பட்டது. தரையோடு தரையாக நடக்கும் டாஷ்ஹவுண்ட், வளைக்குள் நுழைந்து எதிர்த்து நிற்கும் விலங்கோடு போராடுவதற்காக ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. இவ்விரண்டையும் ‘சின்ன நாய்’ என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவது இத்தொழிலில் மிகுதியாகக் காணப்படும் பிழை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலை விரட்டுவதும் குற்றமாகிவிட்டதால், இந்நாய்கள் அனைத்தும் பிறவித்தொழில் பறிக்கப்பட்டவை. ஆலை மூடிய பின்னும் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துவிடும் முதிய தொழிலாளியைப் போல, வேலை போன பிறகும் வேலைக்கான உந்துதல் அவற்றின் உடலில் நேரம் தவறாமல் எழுகிறது.

ஓசூரின் தனித்தன்மை இங்கேதான் குறுக்கிடுகிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற நிறுவனங்கள் வேரூன்றிய பின், இவ்வூரின் உறக்கமும் விழிப்பும் சூரியனிடமிருந்து தொழிற்சாலையின் கைக்கு மாறிவிட்டன. பொதுவாகக் காலை ஆறு முதல் இரண்டு வரை முதல் ஷிப்ட், இரண்டு முதல் இரவு பத்து வரை இரண்டாம் ஷிப்ட், பத்து முதல் மறுநாள் ஆறு வரை இரவு ஷிப்ட், இவற்றுக்கு அப்பால் அலுவலகத்தாருக்கு ஜெனரல் ஷிப்ட் என்று வகுக்கப்பட்டு, தொழிலாளி வாரந்தோறும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறார். மனிதருக்கு இந்த மாற்றம் முன்கூட்டியே ஒட்டப்பட்ட தாளில் தெரிந்துவிடும். நாய்க்கு அது தெரியாது. சென்ற வாரம் மாலை மூன்று மணிக்குச் செயினை எடுத்த கை இந்த வாரம் அதே நேரத்தில் ஏன் வரவில்லை என்பது அதற்குப் புரியாத புதிர். உணவு, நடை, மலம் கழித்தல் ஆகியவற்றைக் கடிகாரம் போல எதிர்பார்க்கும் விலங்கு ஒன்றுக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை கடிகாரத்தைத் திருப்பி வைப்பது எவ்வகைத் துன்பம் என்பதைப் பயிற்றுநர், வகுப்பறையில் கற்றதைவிட, ஹட்கோ குடியிருப்புகளில் மெல்லப்பட்ட கதவு நிலைகளைப் பார்த்தே அதிகம் அறிந்துகொண்டார்.

ஓட்டத்துக்காகப் பிறந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேர உழைப்பு தேவை என்பது தொழிலில் இருப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு. அது இருபது நிமிடத் தெரு நடையால் நிறைவதில்லை. முதல் ஷிப்டுக்குச் செல்பவர் நாலரை மணிக்கு நடத்தினால்தான் காலை நடை உண்டு. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் மாலை நடை அறவே இல்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் உரிமையாளர் பகலில் உறங்க வேண்டியிருக்க, நாயோ அப்போதுதான் முழு விழிப்பில் இருக்கிறது. எனவே வேட்டைத்துணை நாய் வேண்டுவோரிடம் பயிற்றுநர் கேட்கத் தொடங்கிய முதல் கேள்வி, வீட்டில் ஷிப்ட் மாறாத ஒருவர் இருக்கிறாரா என்பதாயிற்று. இருந்தால், வீடு சிறிதாயினும் லேப்ரடார் வளரும். அப்படி ஒருவர் இல்லையெனில், பாகலூர்ச் சாலையில் தோட்டத்துடன் கூடிய தனிவீடு இருந்தும் பயனில்லை. தோட்டத்தில் தனியே விடப்பட்ட நாய் ஓடுவதில்லை, வாயிற்கதவருகே படுத்துக் காத்திருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்பவர், அப்படியானால் ஷிப்ட் வேலைக்காரருக்குச் சிறிய துணை நாயே தக்கது என்ற முடிவுக்கு வந்துவிடுவார். தொழிலின் தொடக்க ஆண்டுகளில் பயிற்றுநரும் அப்படியே நம்பி, அப்படியே பலருக்குப் பரிந்துரைத்தார். அந்நம்பிக்கையைக் குலைத்தது ஓர் ஐந்து கிலோ ஷிட்சு. கணவனும் மனைவியும் வெவ்வேறு ஆலைகளில் பணிபுரிந்த அடுக்கக வீடு ஒன்றில் அது நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தனித்திருந்தது. பொருள் எதையும் கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. தன் முன்கால்களை மட்டும் விடாமல் நக்கி நக்கித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டது. மருத்துவர் ஒவ்வாமைக்கும் பூஞ்சைக்கும் மருந்து கொடுத்தார். பயிற்றுநர் விளையாட்டுப் பொருள்களையும், உணவை ஒளித்துவைத்துத் தேடச் செய்யும் பயிற்சியையும் கொடுத்தார். மூன்று மாதம் எதுவும் பலிக்கவில்லை. பின்னர் அவ்வீட்டு மருமகளின் பேறுகாலத்துக்காகத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மாமியார் வந்து தங்கினார். நாயைத் தொடவே தயங்கிய அந்த அம்மையார் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சில வாரங்களில் கால்களில் முடி வளர்ந்துவிட்டது. கட்டணம் பெற்றவர் பயிற்றுநர் என்றாலும், வைத்தியம் செய்தவர் அந்த அம்மையார்தான் என்பதை அவர் மறைத்ததில்லை.

துணை நாய்க்கும் ஒரு வேலை உண்டு. துணையாக இருப்பதே அந்த வேலை. பாயிண்டருக்குப் பறவை எப்படியோ, ஷிட்சுவுக்கு மனிதர் அப்படி. ஆகவே யாருமற்ற வீட்டில் பூட்டப்பட்ட மடி நாய், செயினில் கட்டப்பட்ட வேட்டை நாயைப் போலவே வேலையற்றுப்போன நாய்தான். முன்னதன் துன்பம் சத்தமின்றி நிகழ்வதால் அக்கம்பக்கத்தார் புகார் சொல்வதில்லை என்பதே வேறுபாடு. ‘சிறிய நாய், பராமரிப்பு குறைவு’ என்று விற்பனையாளர் கூறுவது உணவின் அளவைப் பொறுத்தவரை உண்மை. ஷிட்சுவின் முடியை நாள்தோறும் சீவ வேண்டும். பக் நாயின் முகமடிப்புகளைத் துடைக்க வேண்டும், பிதுங்கிய கண்களைக் காக்க வேண்டும். பாமரேனியனின் முழங்கால் சில்லு எளிதில் இடம் பெயரும், மூச்சுக்குழாய் எளிதில் அமுங்கும் என்பதால் கழுத்துப் பெல்ட்டுக்குப் பதிலாக மார்புப் பெல்ட் போட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மனிதர் வீட்டில் இருக்க வேண்டும்.

சத்தம் பற்றியும் ஓசூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வேறு ஊர்களில் முற்பகல் பதினொரு மணிக்கு நாய் குரைத்தால் அதைப் பொருட்படுத்துவோர் சிலரே. இங்கோ, அடுக்ககத்தின் ஒவ்வொரு தளத்திலும் இரவு ஷிப்ட் முடித்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டு உறங்கும் ஒருவராவது இருப்பார். லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அறிவிப்புச் செய்யும் பாமரேனியன் அவருக்கு எமன். வளர்ப்பு விலங்குகளைக் குடியிருப்போர் சங்கங்கள் அடியோடு தடைசெய்ய இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களைச் சுட்டிக்காட்டி வாதிடும் உரிமையாளர்கள் உண்டு, அவர்கள் கூறுவது சரியும்கூட. ஆனால் விதியைக் காட்டி வென்றாலும், கீழ்வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்குச் சிவந்த கண்ணோடு படியேறி வருவதை அது நிறுத்துவதில்லை. இவ்வகையில், குரைப்பு குறைந்த லேப்ரடார், உருவில் பெரிதாக இருந்தும், அடுக்ககத்துக்குப் பாமரேனியனைவிடப் பொருத்தமான அண்டை வீட்டாராக அமைந்ததைப் பயிற்றுநர் பலமுறை கண்டிருக்கிறார்.

லேப்ரடாரின் உழைப்பைக் கால்களால் மட்டுமே தீர்க்க வேண்டியதில்லை என்பது இத்தொழிலின் பயனுள்ள கைமுறைகளுள் ஒன்று. அவ்வினத்தின் மூளையும் மூக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது அரைமணி நேரத் தேடல், நீண்ட நடைக்கு ஈடான களைப்பைத் தருகிறது. பழைய துண்டு ஒன்றை மொட்டை மாடியில் ஒளித்துவைத்துத் தேடச் செய்வது, உணவைத் தட்டில் வைக்காமல் புல்லில் இறைத்து மோப்பத்தால் பொறுக்கச் செய்வது, வண்டிச் சாவியை எடுத்துவரக் கற்பிப்பது ஆகியவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. ஹட்கோ பகுதியில் ஆறடிச் செயினில் பகல் முழுதும் கட்டப்பட்டு, அவிழ்த்துவிட்ட சிறுபொழுதில் மோட்டார் சைக்கிளின் இருக்கையைக் கிழித்து, செடித்தொட்டிகளைத் தோண்டி வந்த லேப்ரடார் ஒன்று இம்முறையால் அடங்கியது. அதன் உரிமையாளர் அதுவரை நாய்க்கு வெறி பிடித்துவிட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருந்தார். உணவைப் பரிசாகப் பயன்படுத்துகையில் அளவைக் கவனிக்க வேண்டும். லேப்ரடார் எப்போதும் பசித்திருப்பது வெறும் பழக்கம் அன்று. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் மரபணு ஒன்று, தாங்கள் ஆராய்ந்த லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குச் சிதைந்திருப்பதைக் கண்டறிந்தனர். கெஞ்சும் கண்களுக்கு இரங்கி மிச்சச் சோற்றைக் கொட்டும் வீடுகளில் இந்த நாய் மூன்றே ஆண்டில் மூட்டுவலிக்காரராகிவிடுகிறது.

பயிற்றுநரின் தவறுகளுள் பெரியது பீகிள் தொடர்பானது. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், இரண்டு சிறுவர்கள் உள்ள வீட்டுக்கு, உருவம் சிறிது, குணம் இனிது, குழந்தைகளைக் கடிக்காது என்ற மூன்று காரணங்களைச் சொல்லி அதை அவரே பரிந்துரைத்தார். மூன்றும் உண்மையே. ஆனால் மோப்பத்தில் மூக்கு பதிந்துவிட்டால் அந்த இனத்துக்குக் காது கேளாது என்பதை, கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பள்ளி வேனுக்கு ஓடும் சிறுவர்கள் உள்ள வீட்டில் எண்ணிப் பார்க்கத் தவறினார். ஏழாம் மாதத்தில் ஒரு காலை, நாய் ஏதோ ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டது. இரண்டு நாள் தேடலுக்குப் பின் கர்நாடக எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி அருகே ஒரு தேநீர்க் கடையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த நிலையில் கிடைத்தது. அது உயிர் பிழைத்தது லாரி ஓட்டுநர்களின் தயவு. பின்னர் கெலமங்கலம் பக்கம் வேலியிட்ட தோட்டம் உள்ள ஒரு குடும்பத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. அச்சிறுவர்கள் அழுததற்குப் பயிற்றுநரே பொறுப்பு.

தட்பவெப்பம் பற்றி விற்பனையாளர் சொல்வதைச் சற்று விலகி நின்றே கேட்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஓசூரைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று வெள்ளையர் அழைத்ததாகச் சொல்வதுண்டு. அந்தப் பெயரைக் காட்டியே எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஹஸ்கிக் குட்டிகள் இங்கே விற்கப்படுகின்றன. ஏப்ரல் மாத நண்பகலில் சிப்காட் சாலையில் நின்று பார்த்தவர் இங்கிலாந்தை நினைக்க மாட்டார். நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. உள்ளங்கால்களில் சிறிது வியர்வை உண்டெனினும், நாக்கை நீட்டி இரைப்பதன் மூலமே அது பெரும்பாலும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூக்கு உள்வாங்கிய பக் போன்ற தட்டைமுக நாய்களுக்கு அந்த ஒரே வழியும் குறுகியது என்பதால், வெயிலில் பதினைந்து நிமிட நடைகூட அவற்றுக்கு ஆபத்தாகலாம். 2003-இல் ஒளிபரப்பான ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் எங்கும் நடந்து சென்ற பக் நாயைப் பார்த்து அதை வாங்கியவர்கள் பலர். அவ்விளம்பரம் காட்டிய வேலை, அந்த இனத்தின் மூச்சுக்குழல் தாங்கக்கூடிய வேலை அன்று. இதற்கு நேர்மாறாக, மார்கழி இரவுகளில் ஓசூரின் குளிர், உடலில் கொழுப்பும் தோலில் முடியும் குறைந்த சிப்பிப்பாறையை நடுங்கவைக்கும். அதற்குச் சாக்குப் படுக்கையும் சுவர் மறைப்பும் வேண்டும்.

நாட்டு வேட்டை நாய்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்வது தகும். ஓசூர் எல்லையூர் என்பதால் தெற்கிலிருந்து சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும், வடக்கே கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்திலிருந்து முதோல் நாயும் இங்கே சந்திக்கின்றன. ராஜபாளையத்துக்கும் முதோலுக்கும் இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. இவற்றில் ராஜபாளையம் காவல் குணம் மிக்கது, ஒரே எசமானரை ஏற்பது. அடுக்ககத்துக்கு அதைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். சிப்பிப்பாறையும் முதோலும் வேறு வகை. இவை கண்வழி விரட்டும் நாய்கள், அதாவது தொலைவில் அசையும் இரையைக் கண்டு குறுகிய தொலைவுக்குப் பெருவேகத்தில் பாய்பவை. பாயிண்டரைப் போல நாள் முழுதும் வயலை அளப்பது இவற்றின் இயல்பில் இல்லை. முழு வேகத்தில் சில நிமிடம் ஓடிவிட்டால் எஞ்சிய பகலை மூலையில் சுருண்டு கிடந்தே கழிக்கும், வீட்டுக்குள் அதிகம் குரைப்பதும் இல்லை. வேட்டை நாய் என்ற பெயரே பலரை அச்சுறுத்திவிடுவதால், ஷிப்ட் வீட்டுக்கு ஓரளவு ஒத்துவரக்கூடிய இந்த இனங்களை நம்மவர் கருதிப் பார்ப்பதே இல்லை. வேலியிட்ட இடம் ஒன்று நாள்தோறும் சிறிது நேரம் கிடைத்தால் போதும் என்பது இதற்கான நிபந்தனை. வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டால் ஆடு, கோழி, பூனை எதுவும் மிஞ்சாது. அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்கையில் இவ்வினம் இன்னதென்று மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும். கொழுப்பற்ற உடலில் சில மயக்க மருந்துகள் தெளிய நெடுநேரமாகும்.

நகரை விட்டுத் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை நோக்கிச் சென்றால் கணக்கு மறுபடியும் மாறுகிறது. கேழ்வரகு விளையும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் காட்டைவிட்டு வயலுக்கு இறங்கும் பகுதி அது. சிறுத்தை நடமாட்டமும் உண்டு, சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. அங்குள்ள பண்ணை வீட்டில் இரவு கட்டப்படாமல் விடப்பட்ட பாமரேனியன் விடியும்வரை இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. துடிப்பான வேட்டை நாய் இருப்பின் ஆபத்து வேறு வடிவில் வரும்: யானையை நோக்கிப் பாய்ந்து குரைத்துவிட்டு, யானை திரும்பியதும் அது ஓடி ஒளியும் இடம் எசமானரின் காலடிதான். அப்பகுதி விவசாயிகள் இதை நன்கறிவர். பெங்களூரிலிருந்து வந்து பண்ணை வாங்கியவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வயலோர நடையில் உண்ணி பற்றுவது மற்றொரு தொல்லை. உண்ணிக் காய்ச்சல் எனப்படும் நோய்கள் இரத்தத் தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் குறைத்து, கவனிக்காவிடில் கொன்றுவிடும் என்பதால், வெளியே அதிகம் ஓடும் நாய்க்கு மாதாந்திர உண்ணித் தடுப்பு மருந்து செலவுக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டிய ஒன்று.

மொழி பற்றியும் ஒரு சொல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில், அப்பா ‘உட்கார்’ என்றும், அம்மா தெலுங்கில் ‘கூர்ச்சோ’ என்றும், வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் ‘கூத்கோ’ என்றும் சொல்ல, நாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பயிற்றுநர் பல வீடுகளில் கண்டார். இங்கே எல்லோரும் ‘சிட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குக் காரணம் மோகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது எவருடைய வீட்டு மொழியும் அன்று என்பதால் சண்டையின்றி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சொல்லாக இருக்கிறது.

குட்டியை வாங்கும் வயதில்தான் பெரும் கேடு நிகழ்கிறது. நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் குறித்த 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாதென்கின்றன. ஆயினும் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிகள் அட்டைப்பெட்டியில் கைமாறுவதைச் சந்தையில் காணலாம். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம், குட்டி தன் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடிக்கும் அளவைக் கற்று, மனிதரையும் ஓசைகளையும் ஏற்கப் பழகும் பருவம் என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நூல் விரிவாக நிறுவியது. அப்பருவத்தின் பாதியைப் பெட்டியில் கழித்த குட்டி, துணை இனமாயினும் துணைக்கு உதவாது, வேட்டை இனமாயினும் அச்சத்திலேயே வளரும். இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழை, சந்தை மொழியில் ‘பேப்பரை’, கேட்கும் வாங்குவோர் பலர்; தாய் நாயைக் காட்டும்படி கேட்போர் மிகச் சிலர். கேட்க வேண்டியது இரண்டாவதை.

ஆயுளையும் ஒரு கணம் எண்ண வேண்டும். சிறிய நாய்கள் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டும், லேப்ரடார் அளவிலானவை பத்து முதல் பன்னிரண்டு ஆண்டும் வாழ்கின்றன. ஒப்பந்த வேலைக்காக வந்து, மூன்றாண்டில் புனேவுக்கோ சொந்த ஊருக்கோ பெயரப்போகும் இளைஞர்கள் நிறைந்த ஊர் இது. அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்யும் மாதங்களில் பயிற்றுநரின் கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் ஒரே மாதிரியானவை: நல்ல நாய் அண்ணா, யாராவது எடுத்துக்கொள்வார்களா என்பவை. எடுத்துக்கொள்வோர் கிடைக்காதபோது நடப்பதை, நெடுஞ்சாலையில் கழுத்துப் பெல்ட்டோடு அலையும் லேப்ரடார்களும் ஸ்பிட்ஸ்களும் காட்டும்.

இப்போது அந்தப் பயிற்றுநர், சிறிய நாயா ஓட்ட நாயா என்று கேட்டு வருவோரிடம் நாயைப் பற்றி எதுவும் பேசுவதற்கு முன், நான்கு வார ஷிப்ட் அட்டவணையை எடுத்துவரச் சொல்கிறார். வீட்டில் பகல்நேரத்தில் யாரேனும் பெரியவர் இருந்தால் துணை நாய். மழையிலும் இரவு ஷிப்ட் முடித்த காலையிலும் நடக்கக்கூடிய ஒருவர் இருந்தால் வேட்டைத்துணை நாய். இருவகையினரும் இல்லாத வீட்டுக்கு, தயங்காமல், நாயே வேண்டாம் என்கிறார். ஐயம் தீராதவர்களுக்கு அவர் வைக்கும் சோதனை எளியது: அந்த நான்கு வாரமும் வெறும் செயினைக் கையில் பிடித்தபடி, நாய் இருந்தால் நடக்க வேண்டிய நேரத்தில் ராமநாயக்கன் ஏரிக்கரையை நாள்தோறும் இருமுறை சுற்றிவர வேண்டும். முதல் வாரம் பெரும்பாலோர் சுற்றுகிறார்கள். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் எண்ணிக்கை குறைகிறது. இரவு ஷிப்ட் வாரத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டுமே அவர் குட்டி பார்க்கக் கூட வருகிறார்.